யாருக்கோ போகிற மண்

ஆடி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கடலூரிலிருந்து காலை ரயிலில் பரங்கிப்பேட்டைக்கு வந்து இறங்கிய வக்கீல் குமாஸ்தா சபாபதி, தன் நிலத்து வரப்பில் ஏறியதும் பயந்துபோனார். ஒன்றரைக் காணி முழுக்கத் தக்கைப்பூண்டு தோள் உயரத்துக்கு வளர்ந்து மஞ்சளாகப் பூத்து நின்றது. குத்தகைக்காரர் மீரானும் அவர் மனைவி சர்புன்னிசாவும் ஒரு பக்கமாக அதைச் சாய்த்து, உரமாவதற்காகச் சேற்றில் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

பச்சையைப் பார்த்து ஒரு மனுஷன் பயப்படுவானா என்று கேட்கலாம். சபாபதி பார்த்த வேலை அப்படி.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்த நிலம் வெறும் களர். கோடையில் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும். துணி வெளுக்கிறவர்கள் உவர்மண் அள்ள அங்கேதான் வருவார்கள். கேட்பாரற்றுக் கிடந்ததை மீரான் வாய்வார்த்தையாகக் குத்தகைக்கு எடுத்தார். தண்ணீரைக் கட்டி நிறுத்தி உப்பை வடித்தார். தன் மாடுகள் போட்ட எரு, ஏரி வண்டல், வருஷா வருஷம் தக்கைப்பூண்டு என்று எல்லாம் அந்த மண்ணுக்குள்ளேயே போயின. முதல் வருஷம் விதைநெல்கூடத் திரும்பவில்லை. மூன்றாம் வருஷம்தான் சர்புன்னிசா அந்த வயலில் முதன்முதலாக மண்புழுவைப் பார்த்தாள். பார்த்ததை ஒரு வாரம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சபாபதியைக் கண்டதும் மீரான் சந்தோஷமாகக் கரையேறி வந்தார். தண்ணீர் பாயாத மூலையில் ஒரு பிடி மண்ணை எடுத்து நீட்டினார்.

"பாருங்கய்யா, மிந்தி மம்முட்டி எறங்காது. இப்ப புட்டு மாதிரி உதிருது. இன்னும் ரெண்டு வருசம் இப்படியே செஞ்சா உப்பு தலைகாட்டாது."

சபாபதியின் காதில் விழுந்தது 'இன்னும் ரெண்டு வருசம்' மட்டும்தான். உழுகிறவனை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்திருந்த காலம் அது. அந்த வழக்குக் கட்டுகளைத் தினமும் கக்கத்தில் சுமக்கிறவர் அவர். ஒரே ஆளை விட்டுவைத்தால் நிலம் போய்விடும், ஆளை மாற்றிக்கொண்டே இரு என்று கூட இருந்த குமாஸ்தாக்கள் அடித்துச் சொல்லியிருந்தார்கள். இந்த மனுஷரோ மண்ணுக்குள் உயிரையே கொட்டிக்கொண்டிருக்கிறார். விட்டுப் போகிறவன் இப்படிச் செய்வானா? நிலத்தை நன்றாக வைத்துக்கொண்டதே மீரானுக்குக் குற்றமாகிவிட்டது. என்ன அநியாயம் பாருங்கள்.

தை அறுப்போடு நிலத்தை விட்டுவிடச் சொன்னார் சபாபதி, முகத்தைப் பார்க்காமல். மீரானுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் குத்தகை நெல்லைக் கூட்டித் தருவதாகச் சொன்னார். அதற்கும் சபாபதி அசையவில்லை.

"நெலம் எனக்கு வேணாங்கய்யா. அப்படின்னு எந்தக் காயிதத்துல வேணும்னாலும் கைநாட்டு வெக்கிறேன். உழ மட்டும் உடுங்க" என்றார் மீரான்.

அப்படிப்பட்ட காகிதம் கோர்ட்டில் நிற்காது என்பது சபாபதிக்குத் தெரியும். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. அப்பா விட்டுப்போன ஒரே சொத்து கையைவிட்டுப் போகுமோ என்று நடுங்கியவர், அவ்வளவுதான். சட்டம் மீரான் பக்கம்தான் இருந்தது. ஆனால் வக்கீல் குமாஸ்தாவை எதிர்த்து எந்த வக்கீலிடம் போய் நிற்பது? சர்புன்னிசா, பாதியில் விட முடியாதே என்று மிச்சப் பூண்டையும் மிதித்து முடித்தாள்.

தையில் அவர்கள் போனார்கள். அதன்பிறகு வருஷத்துக்கு ஒரு ஆள் வந்தான். வந்தவன் எவனும் ஒரு கூடை எரு போடவில்லை. மூட்டை உரத்தை வீசினான், கிடைத்ததை அறுத்தான், போனான். மூன்றாம் கோடையில் நிலம் திரும்பவும் வெள்ளையாகப் பூத்தது. நாலாம் வருஷம் குத்தகை கேட்டு ஒருவரும் வரவில்லை.

வேறு வழியில்லாமல் சபாபதி மீரானைத் தேடிப் போனார். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் வேறொருவர் நிலத்தை மீரான் இப்போது குத்தகைக்கு எடுத்து உழுது வந்தார். அந்த வயல் கட்டிகட்டியாகக் காய்ந்து கிடந்தது. அதன் ஓரத்திலேயே வண்டி நிறைய எருவை ஏற்றி, வெற்றிலைக் கொடிக்காலுக்கு விற்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார் மீரான்.

"எருவை விக்கிறீங்களா, பாய்? நீங்களா?" என்று கேட்டுவிட்டார் சபாபதி.

மீரான் ஆமாம் என்றார். குரலில் கோபமே இல்லை. நிலம் பாழாய்ப்போனதைச் சொல்லி, நீங்கள் வந்தால்தான் அது தேறும் என்று சபாபதி கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"எத்தினி வருசத்துக்குங்க?"

பத்து வருஷம் என்று சொல்லத்தான் சபாபதி வந்திருந்தார். வழி முழுக்க அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் வாயைத் திறந்ததும் அந்த வழக்குக் கட்டுகள் கண்முன் வந்து நின்றன.

"இப்போதைக்கு ஒரு வருஷம்னு வெச்சிக்குவோம்" என்றார். சொன்னதும் அவருக்கே வெட்கமாக இருந்தது.

மீரான் மாடுகளை நுகத்தில் பூட்டினார்.

"இந்த நெலத்துக்காரரும் ஒரு வருசம்னுதான் சொல்லியிருக்காரு. அதான் எரு வண்டியில போவுது. உங்க நெலம் ஏன் கெட்டுப்போச்சின்னு எனக்குத் தெரியும்ங்கய்யா. அடுத்த வருசமும் நாமதான் உழுவோங்கிற நம்பிக்கைய உழுறவனுக்குக் குடுக்கலன்னா, எவனும் மண்ண வாழவெக்க மாட்டான். இப்ப நானுந்தான்."