எடையில்லாத இரண்டு விநாடி

பெனிஷ் சார் நலம் விசாரிக்க வரவில்லை. தோளில் கேமரா பை, கையில் மூன்று கால் ஸ்டாண்டு. கட்டிலில் கிடந்த ஞானசிங் அதைப் பார்த்தும் சிரித்தான். சிரித்துத்தான் ஆகவேண்டும்.

கருங்கல் ஊருக்கு மேற்கே, பெனிஷின் அப்பா யோவான் வாத்தியாரின் தோப்பில் தேங்காய் வெட்ட ஏறி, ஐம்பது அடியிலிருந்து அவன் விழுந்து எட்டு மாதம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மரம் ஏறுகிறவர்களுக்கான காப்பீடு கிடைக்க, ‘என் தோப்பில்தான் விழுந்தான்’ என்று யோவான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசிதான் கெடு. போட்டால் நாளைக்குக் கேஸ் வரும் என்று அவர் பிடிவாதமாக மறுத்துக்கொண்டிருந்தார்.

பெனிஷுக்குத் தனியார் பள்ளியில் இயற்பியல் வேலை. மிச்ச நேரத்துக்கு ஒரு யூடியூப் சேனல்.

“புவியீர்ப்புன்னு ஒரு விசையே கிடையாது, அண்ணா. காலமும் வெளியும் சேர்ந்து வளைஞ்சு கிடக்கு. விழுதவன் அந்த வளைவுல சும்மா போறான், அவ்வளவுதான். அவன ஆரும் இழுக்கல்ல. தரைதான் நம்மள மேல தள்ளிட்டு நிக்குது.”

கஞ்சியோடு வந்த ஷைஜா வாசலிலேயே நின்றாள். “ஆரும் இழுக்காமத்தான் எனக்க மாப்பிள இப்படிக் கிடக்காரா சாரே?”

“ஏட்டி, நீ உள்ள போ,” என்றான் ஞானசிங்.

“விழுந்தப்ப உடம்புல எடை தெரிஞ்சுதான்னு மட்டும் சொல்லுங்க அண்ணா. அப்பாட்ட நான் பேசுதேன். அந்தப் பேப்பரக் குடுங்க.”

தலையணைக்கு அடியிலிருந்து படிவம் கை மாறியது. கேமரா ஓடியது.

ஞானசிங் பொய் சொல்லவில்லை. “எடையே இல்ல சாரே. பஞ்சு மாதிரி. இடுப்புல இருந்து நழுவின வெட்டுகத்தி எனக்கப் பக்கத்துலயே வந்துது. கைய நீட்டினா எடுத்திரலாம். அதுவும் நானும் அசையாம நிக்கது மாதிரி இருந்து. ஒலகந்தான் மேல ஏறி வந்துது.”

“சூப்பர் அண்ணா! அதுதான் வேணும்!” பெனிஷ் துள்ளினான்.

“பெறகு தரை வந்து இடிச்சுது.” ஞானசிங் கேமராவை நேராகப் பார்த்தான். “ஆருக்க தரைன்னும் சொல்லுதேன். யோவான் வாத்தியாருக்க தரை. கிணத்துக்கு வடக்க மூணாவது மரம்.”

பெனிஷ் ஸ்டாண்டை மடக்கினான்.

நான்காம் நாள் ஷைஜா போனைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தாள். வீடியோவை லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். பஞ்சு இருந்தது, வெட்டுகத்தி இருந்தது. தரை வந்து இடித்ததோடு முடிந்துவிட்டது. யோவானின் பெயர் இல்லை.

“வெட்டிட்டான் பாத்தியளா? நல்லாப் படிச்சவன்தான்!” என்றாள் அவள்.

ஞானசிங் பெனிஷைக் கூப்பிட்டான். ஆறாவது தடவைதான் எடுத்தான்.

“அண்ணா, வீடியோ பயங்கர ஹிட்! ரெண்டாம் பாகம் கேக்காங்க.”

“கையெழுத்து?”

“அப்பா வீடியோவப் பாத்தாரு. ஆரும் இழுக்கல்லன்னு நீயே சொல்லியாச்சு, தரைதான் வந்து இடிச்சுதுன்னு ஞானசிங்கும் சொல்லியாச்சு, பெறகு எனக்கு என்ன பொறுப்புன்னு கேக்காரு. நான் என்ன செய்ய அண்ணா?”

“ரெண்டாம் பாகத்துக்கு நான் வாறேன் சாரே,” என்றான் ஞானசிங். அவன் குரல் உயரவே இல்லை. “கட்டில்ல வச்சு வேண்டாம். நாலு பேரு என்னத் தூக்கிக் கொண்டு அந்த மரத்துக்க அடிமூட்டுல போடுங்க. அங்க வச்சுச் சொல்லுதேன். வெட்டாமப் போடணும்.”

“அந்த மரம் இல்ல அண்ணா. அப்பா நேத்து ஆள விட்டு முறிச்சிட்டாரு.”

ஷைஜா வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டத் தொடங்கினாள். ஞானசிங்குக்கு அது காதில் விழவில்லை.

“குலைக்கு முப்பது காய்க்கிய மரமாச்சே சாரே,” என்றான். “அதையா முறிச்சிய?”

மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.