நாலாம் ஞாயிற்றின் நிறம்

நிறம் என்றால் என்னவென்று முழுமையாகத் தெரிந்தவர்கள் இந்தப் பிரபஞ்சத்தில் இரண்டே பேர். ஒருவர் அதைப் படைத்த ஆண்டவர். இன்னொருவர் என் தாய்மாமா. ஆண்டவரை முதலில் சொன்னது மரியாதைக்காக. மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் வரிசை மாறும்.

"அவர் வானவில்லை ஏழோட நிறுத்திட்டார் மாப்ள. நான் எங்கயாவது நிறுத்தினேனா?" என்பார்.

மாமாவுக்குப் பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை. வெள்ளை டப்பாவைத் திறந்து மெஷினுக்குக் கீழே வைப்பார். மெஷின் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடும். மூடியை அடித்து மூடி, குலுக்குகிற மெஷினில் வைத்தால் டப்பா பேய் பிடித்த மாதிரி ஆடி அடங்கும். பிறகு மூடியின் மேல் விரலால் ஒரு பொட்டு வைத்து, ஹேர் டிரையரால் காய வைத்து, வந்தவரிடம் நீட்டுவார். நிறத்தை அளந்து சொல்வதற்கென்றே ஒரு கருவியும் கடையில் இருக்கிறது. ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க மாமா அதை பில்களின் மேல் வைத்திருக்கிறார். யாராவது சட்டைப் பொத்தானையோ, சோப்பு உறையையோ, மனைவியின் நகப்பூச்சுக் குப்பியையோ கொண்டுவந்து, இதே நிறம் சுவருக்கு வேண்டும் என்றால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அவ்வளவுதான். அதே நிறம் வந்து நிற்கும். வாயை மூடிக்கொண்டு இதைச் செய்தால் மாமாவை ஊரே கும்பிடும்.

கல்லூரி பக்கம் என்பதால் நான் மாமா வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். அங்கே நிற விஷயத்தில் அவருக்கு ஒரு போட்டி உண்டு. அத்தை.

அத்தை துணிக்கடையில் பேன்ட்டுக்கு அடி மடித்து, இடுப்பு பிடித்துத் தைத்துக் கொடுப்பவர். வீட்டுக் கூடத்தில் ஒரு மரப்பலகை. அதன்மேல் சிலுவையில் இயேசு தொங்கும் பாடுபட்ட சுரூபம், ஒரு மாதா, ஒரு மெழுகுவர்த்தி. இவற்றுக்கு அடியில் விரித்திருக்கும் துணி, பூசையில் சாமியார் போடும் உடுப்போடு சேர்ந்து நிறம் மாறும். பொதுக்காலத்துக்குப் பச்சை. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்துக்கும் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்கும் ஊதா. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்றால் வெள்ளை. தூய ஆவி இறங்கிய திருநாளுக்குச் சிவப்பு. எல்லாம் கடையில் மிஞ்சிய வெட்டுத்துணியில் அவரே தைத்தது. துணி மாறும் நாளில் அதன்முன் முழந்தாளிட்டு ஒரு செபம் சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார்.

மாமாவின் வாய்க்கு இதைவிட நல்ல தீனி கிடைக்குமா?

"ஏம்மா, ஆண்டவர் மேல இருந்து எட்டிப் பாத்து, ஐயையோ இந்த வீட்ல இன்னும் பச்சையை மாத்தலையேன்னு நெஞ்சைப் பிடிச்சிக்கிறாரா?"

"துணி அவருக்கு இல்லைங்க. நமக்கு."

"நமக்கு எதுக்கு? நான் என்ன காளை மாடா, துணியைக் காட்டினதும் ஓடி வர?"

"நீங்க காட்டாமலே முட்டுற ஜாதி. போய்க் குளிங்க."

மாமா நாத்திகர் எல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்கு வருவார். ஆனால் கோயிலுக்குள் வரமாட்டார். வெளியே பைக்குகள் நிற்கும் இடத்தில், ஒரு பைக்கைப் போலவே நின்று பூசை காண்பார். உள்ளே புழுக்கமாம். மழை கொட்டும்போதும் அவருக்கு உள்ளே புழுக்கம்தான்.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்கியபோது அத்தை கட்டிலில் இருந்தார். வயிற்றில் குழந்தை. ரொம்ப வருஷம் காத்திருந்து வந்தது. இதற்கு முன் ஒன்று தங்காமல் போயிருந்தது. அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. இந்த முறை டாக்டரம்மா, குழந்தை வேண்டுமென்றால் படுத்த படுக்கையாக இருக்கவேண்டும், தையல் மெஷின் பக்கம் போனதாகக் கேள்விப்பட்டால் வீட்டுக்கே வந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அதனால் தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதனன்று பச்சையை எடுத்து ஊதாவை விரித்தது நான். அத்தை கட்டிலில் படுத்தபடியே வழி நடத்தினார்.

"இடது பக்கம் இறங்கியிருக்கு பாரு. இன்னும் கொஞ்சம். மாதாவைக் கையில பிடிடா, கழுத்துல பிடிக்காதே!"

மாமா நெற்றியில் சாம்பலோடு நின்று பார்த்தார். "இந்தச் சுவருக்கு ஊதா எடுக்காது. கிரீம் சுவருக்குப் பக்கத்துல ஊதாவை வச்சா ரெண்டும் அழும்."

"அழட்டும். தவக்காலம்தானே?" என்றார் அத்தை.

மாமாவின் மூக்கு உடைபட்டது. அதை ஒட்டவைத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

சில வாரம் போனது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அத்தை மெதுவாகக் கேட்டார். "என்னங்க, வர்ற வழியில ரோஸ் துணி ஒரு துண்டு வாங்கிட்டு வர்றீங்களா? தவக்காலம் நாலாம் ஞாயிறுக்கு ரோஸ். ஒவ்வொரு வருஷமும் தைக்கணும்னு நினைச்சு விட்டுடுறேன்."

"தவக்காலம்னா ஊதான்னு நீதானே சொன்ன?"

"ஈஸ்டருக்குப் பாதி தூரம் வந்தாச்சுல்ல. ஒரே ஒரு நாள் மட்டும் மகிழ்ந்திருங்கன்னு சொல்ற ஞாயிறு அது. மறுநாள் திரும்ப ஊதாதான்."

மாமா கையில் இருந்த சோற்று உருண்டையைத் தட்டிலேயே வைத்தார். பெரிய பேச்சு வரப்போகிறது என்று அர்த்தம். "விஷயம் என்னன்னு நான் சொல்லவா? எவனோ ஒரு காலத்துல ஊதா தீந்துபோய், இருந்ததுல வெள்ளையை ஊத்தி ஒப்பேத்தியிருக்கான். எங்க கடையிலயும் பண்றதுதான். நீங்க அதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமையே கொடுத்துட்டீங்க!"

"அதேதாங்க," என்றார் அத்தை, துளியும் கோபப்படாமல். "ஈஸ்டர் வெள்ளை கொஞ்சம் முன்னாடியே சிந்தி ஊதாவுல கலந்துடுச்சு. அதான் ரோஸ்."

"கலக்காது! ஊதாவுல வெள்ளையை ஊத்தினா லாவெண்டர் வரும். ரோஸ் வராது. தொழில் தெரியாம பேசாதே."

"சரி, லாவெண்டர்காரரே. துணி வருமா, வராதா?"

வரவில்லை. தினமும் அத்தை கேட்பார், தினமும் மாமா மறப்பார். மறந்ததைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு வேறு.

நாலாம் ஞாயிற்றுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, அத்தை என்னை ஒரு மாதிரியான குரலில் கூப்பிட்டார். கட்டில் விரிப்பில் ரத்தம். நான் மாமாவுக்குப் போன் அடித்துவிட்டு டாக்ஸி பிடித்தேன். மாமா கை முழுக்க நீலப் பெயின்ட்டோடு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். அவசரப் பிரிவு நர்ஸ் அந்தக் கையைப் பார்த்துவிட்டு முதலில் அவரைத்தான் கட்டிலில் படுக்கச் சொன்னார்.

டாக்டரம்மா நீளமாகப் பேசவில்லை. "துடிப்பு இருக்கு. ரத்தம் நிக்கணும். நாளைக்குக் காலையில மறுபடி ஸ்கேன் பார்த்துட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும்."

எங்கம்மா துணைக்கு வந்து சேர்ந்தார். பெண்கள் வார்டில் இரவு ஆண்களுக்கு இடமில்லை. கிளம்பும்போது அத்தை கேட்டார்: "நாளைக்கு நாலாம் ஞாயிறுல்ல?"

"இப்ப அதுவா முக்கியம்? பேசாம படு."

"கண்ணை மூடினா பயமா இருக்குங்க. வேற எதை நினைக்கச் சொல்றீங்க, நீங்களே சொல்லுங்க."

மாமா போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டுக் கிளம்பினார்.

வெளியே வந்து பைக்கை எடுத்தார். வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், ஒரு துணிக்கடை வாசலில் நிறுத்தினார். "டீ குடிக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். அங்கே டீ விற்பதாகத் தெரியவில்லை.

"ரோஸ் துணி காட்டும்மா."

கடைப் பெண் ஒரு கட்டைத் தூக்கிப் போட்டார்.

"இது மருந்து கலர். காய்ச்சலுக்குக் குடிக்கிறது."

இன்னொரு கட்டு.

"இது பபிள்கம்."

இன்னொன்று.

"இது என்ன, பல் ஈறா?"

மேசையில் துணி மலைபோல் ஏறிவிட்டது. கடைப் பெண் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"சார், உங்களுக்கு எந்த ரோஸ்தான் வேணும்?"

"போன வருஷம் ஃபாதர் பூசைக்குப் போட்டிருந்தாரே, அந்த ரோஸ். வாடப்போற பூவுல உள்பக்கம் இருக்குமே, அது."

"மாமா," என்றேன், "நீங்க பைக் ஸ்டாண்டுலதானே நின்னீங்க?"

"கதவு திறந்துதானேடா கிடந்துச்சு?"

கடைசியில் வெள்ளைத் துணி ஒரு துண்டு வாங்கினார். அந்தப் பெண் பில் போடும்போது அவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அங்கிருந்து பெயின்ட் கடைக்குப் போனோம். கடை மூடும் நேரம். முதலாளி சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். மாமா மெஷினைத் தொடவே இல்லை. சின்ன டப்பாவில் வெள்ளையை ஊற்றி, கையாலேயே ஊதா விட்டுக் குச்சியால் கலக்கினார். மூடியில் ஒரு பொட்டு வைத்து, ஹேர் டிரையர் பிடித்தார்.

"பாரு. லாவெண்டர். நான் சொன்னேன்ல?"

சொன்னது சரியாகப் போனதில் சந்தோஷம் வரவேண்டும். முகத்தில் அப்படி எதுவும் வரவில்லை.

"இதுக்குச் சிவப்பு வேணும்," என்று சிவப்புச் சாயக் குப்பியை எடுத்தார். டப்பாவுக்கு மேலே கொண்டுபோனார். கை அப்படியே நின்றது. மத்தியானம் வீட்டுக்குப் போய் அந்தக் கட்டில் விரிப்பை அலசிப்போட்டது அவர்தான். என்னைத் தொடவிடவில்லை.

"ஒரு சொட்டு போதும் மாமா," என்றேன்.

"எனக்கே சொல்றியா? தெரியும்டா." குப்பியைச் சாய்த்துக்கொண்டே, "அது இல்லாம ரோஸ் வராது," என்று டப்பாவிடம் சொல்வதுபோல் சொன்னார். விட்டார். கலக்கினார். மூடியில் பொட்டு வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

அந்த நிறம் சரியாக இருந்ததா என்று என்னைக் கேட்டால், சத்தியமாக இருந்தது. சுவருக்கு.

ஏனென்றால், எல்லா நிறமும் தெரிந்த மாமாவுக்குத் துணியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டை ரோலரால் துணிக்கு ஒரு கோட் அடித்தார். காய்ந்ததும் மேலே இரண்டாவது கோட்டும் அடித்தார், நீடித்து உழைக்கட்டும் என்று. வீட்டுக்குக் கொண்டுவந்து பால்கனிக் கொடியில் போட்டார். காலையில் எடுத்தபோது அது துணி என்ற நிலையைக் கடந்திருந்தது. கொடியில் தொங்கிய வாக்கிலேயே காய்ந்து, கூரை மாதிரி நடுவில் மடங்கி நின்றது. தரையில் வைத்தால் உள்ளே ஒரு பூனை குடியிருக்கலாம்.

நான் சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். மாமா என் பக்கமே திரும்பவில்லை. சுரூபத்தையும் மாதாவையும் இறக்கி வைத்தார். மாதாவைக் கையில்தான் பிடித்தார். ஊதாவை எடுத்தார். தகரத்தை நிமிர்த்துவதுபோல் முழங்கையால் அழுத்தி, ரோஸைப் பலகையில் படிய வைத்தார். ஒரு முனை எழும்பியது. அதன்மேல் மெழுகுவர்த்தியை நிறுத்தினார். மறுமுனை எழும்பியது. அதன்மேல் மாதா. கிரீம் சுவருக்கு முன்னால் அந்த நிறம், என்ன சொல்ல, அறைக்குள் யாரோ விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

போன் அடித்தது. மாமா எடுக்கவில்லை. என்னை எடுக்கச் சொல்லிக் கண்ணால் காட்டினார். எங்கம்மா.

"ஸ்கேன் பாத்தாச்சுடா. ரத்தம் நின்னுடுச்சு. துடிப்பு நல்லா இருக்காம். இன்னும் ரெண்டு மூணு நாள் இங்கயே இருக்கணுமாம். மாமாகிட்ட சொல்லு. இந்தா, அவ ஏதோ கேக்கணுமாம்."

நான் விஷயத்தைச் சொல்லி போனை நீட்டினேன். மாமா ஒரு கையால் வாங்கினார். இன்னொரு கை சுவரைப் பிடித்திருந்தது.

அத்தையின் குரல் எனக்கே கேட்டது. "என்னங்க, பலகையில ஊதாதானே கிடக்கு?"

"பின்ன என்ன? துணி மாத்துறதுதான் எனக்கு வேலையா?" என்றார் மாமா. "நீ தூங்கு. பூசை முடிச்சுட்டு வர்றேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவகிட்ட ஏதாவது உளறினே, காலேஜ் வாசல்ல வந்து மானத்தை வாங்கிடுவேன். போய்க் குளி."

குளித்துவிட்டு வந்தேன். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. மாமா பலகைக்கு முன்னால் முழந்தாளிட்டிருந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நீலப் பெயின்ட் இன்னும் போகாத கை ஊதாத் துணியை மடியில் போட்டு, ஓரத்தோடு ஓரம் வைத்து மடித்துக்கொண்டிருந்தது. நான் நிற்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பாமலே, மெல்லிய குரலில் கேட்டார்:

"நாளைக்குத் திரும்ப இதானேடா? இதை அவ எங்க வைப்பா?"