சப்பரம் போகும் உயரம்

எங்கள் ஊருக்குத் தார்ச்சாலை வந்த சந்தோஷத்தில், ஊர் முகப்பில் ஒரு வளைவு வைத்தார் கருத்தையா அண்ணாச்சி. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் மொத்த வியாபாரம் செய்பவர். இரண்டு கான்கிரீட் தூண்கள், மேலே ஓர் இரும்புச் சட்டம், அதில் அவருடைய அப்பா பெயர். எவ்வளவு உயரம் வைக்க என்று கொத்தனார் கேட்டபோது ஊர் கூடி முடிவு செய்தது: கோயில் கொடைக்குக் காளியம்மன் சப்பரம் குடையோடு இடிக்காமல் போக வேண்டும். சாமியைவிடப் பெரிதாக ஊருக்குள் என்ன வந்துவிடப் போகிறது?

ஐப்பசியில் ஒரு காலை அது வந்தது. நாற்பதடி கண்டெய்னர்.

வரவழைத்தவள் என் அம்மா காளீஸ்வரி. எங்கள் தீப்பெட்டி ஆபீசின் சரக்கு இதுவரை டவுன் வியாபாரியின் லேபிளோடு, அவர் பெற்ற பிள்ளையாகத்தான் கப்பல் ஏறியது. இந்த முறை தான்சானியாக்காரர் ஒருவர் நேராக அம்மாவிடமே கேட்டிருந்தார். அன்று சாயங்காலத்துக்குள் தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் நுழையாவிட்டால் கப்பல் போய்விடும். அந்த ஆளும் பழையபடி டவுன் வியாபாரியிடமே போய்விடுவார்.

டிரைவர் சுடலைக்குமார் இறங்கி நின்று வளைவைப் பார்த்தார், கண்டெய்னரைப் பார்த்தார். ஒரு முழம் இடிக்கும் என்றார்.

வயல் வழியே சுற்றலாம் என்றால் ராத்திரி மழையில் கரிசல் குழைந்து கிடந்தது. முந்தாநாள் அதில் இறங்கிய டிராக்டர் இன்னும் அங்கேதான் இருந்தது. சரக்கைக் குட்டியானை வண்டியில் கொண்டுவந்து வளைவுக்கு வெளியே ஏற்றலாம் என்று தார்ப்பாய் போட்டு ஒரு நடை பார்த்தோம். இறக்கி ஏற்றுவதற்குள் தூறலில் முதல் அட்டைப்பெட்டியே ஊறிவிட்டது. நனைந்த தீக்குச்சிக்கு எந்தக் கண்டத்திலும் மார்க்கெட் கிடையாது.

ஊரார் யோசனை சொன்னார்கள். சாலையைத் தோண்டிப் பள்ளமாக்கலாம் என்பதற்குத்தான் ஆதரவு அதிகம். சாலை அரசாங்கத்துடையது, வளைவு அண்ணாச்சியுடையது. எது பொதுச்சொத்து என்பதில் எங்கள் ஊருக்குக் குழப்பம் இருந்ததில்லை.

சேதி கேட்டு அண்ணாச்சி குடையோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். யோசனை சொன்னவர்களெல்லாம் மழையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அம்மா மட்டும் முன்னால் போனாள்.

"அண்ணாச்சி, மேல உள்ள சட்டத்த மட்டும் எடுத்துக்கிடுதேன். பொறவு நானே உசத்தி வச்சித் தாரேன்."

"எங்கய்யா பேர எறக்கச் சொல்லுதியாம்மா?"

"ஆமா அண்ணாச்சி."

அம்மாவுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. அண்ணாச்சி தன் அப்பாவின் பெருமைகளை வரிசையாகச் சொன்னார். அவர் யாருக்கும் குனிந்ததில்லை என்பது வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாலை இல்லாத காலத்துல ஒங்கய்யா கடலைச்சாக்கத் தலையில வச்சி இந்தச் சேத்துலதான் டவுனுக்கு நடந்தாவ. இன்னைக்கு வண்டி ஊருக்குள்ள வருது, அவிய பேரு மறிச்சிக்கிட்டு நிக்குது."

அண்ணாச்சி கண்டெய்னரின் பின்பக்கம் போய் கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்ப்பா, இதுல கடலைமிட்டாய் ஏத்துவாவளா?"

"கருவாடே ஏத்துதோம் அண்ணாச்சி" என்றார் சுடலைக்குமார்.

அண்ணாச்சி குடையை மடக்கினார். "ஏலே, வெல்டிங்காரனக் கூப்பிடுங்க. எழுத்துல ஒரு கீறல் விழக்கூடாது."

அறுத்து இறக்கிய சட்டத்தைத் துண்டால் துடைத்து, தன் ஸ்கூட்டர் நனைவதைப் பொருட்படுத்தாமல் சட்டத்தின்மேல் குடையைச் சாய்த்து வைத்தார். கண்டெய்னர் உள்ளே போனது. ஆபீஸ் வாசலோடு ஒட்டி நிறுத்தி, தூறல் படாமல் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிச் சரக்கை ஏற்றி அனுப்பினார்கள்.

பொழுது சாயும்போது சுடலைக்குமார் போன் செய்தார். துறைமுகத்துக்குள் போய்விட்டாராம். அம்மா "சரி" என்றாள். போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

லேபிள் ஒட்டும் பொன்மணி, தான்சானியா எந்தப் பக்கம் என்று கேட்டாள். அம்மா தயங்காமல் மேற்கே கயத்தாறு இருக்கும் பக்கம் கையைக் காட்டினாள். சரக்கு அதற்கு நேரெதிரே கிழக்குப் பார்த்துப் போயிருந்ததை யாரும் சுட்டிக்காட்டவில்லை. எல்லோரும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம்.