விடுங்க அண்ணி

அண்ணியின் பையைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் பின்னால் நடக்கிற காட்சியை முதன்முதலாக டிவியில் பார்த்தபோது, மாமியார் போன் போட்டு ஒரு பாட்டம் சிரித்தார். உலகத்தில் எந்த நாத்தனாராவது அண்ணிக்குச் சுமை தூக்கியிருக்கிறாளா என்று கேட்டார். சிரிப்பு அடங்கியதும் சந்தேகம் வந்தது. கோல்ஃபில் பை தூக்குகிறவளுக்குக் கேடி என்று பேராமே, கல்யாணம் ஆகாத பெண்ணை இப்படியா ஊரறியக் கூப்பிடுவார்கள் என்று.

பார்சல் ஆபீசில் மூட்டை தூக்கிப் பழகிய தோள் நாத்தனாருக்கு. பழைய கேடி சீசன் நடுவில் வேறொரு ஆட்டக்காரியிடம் போய்விட, லீவு போட்டுவிட்டு வந்தவள் அப்படியே ஒட்டிக்கொண்டாள்.

அண்ணிக்குக் கோல்ஃப்தான் பிழைப்பு. பிள்ளை பெற்ற பிறகு, "போதும், விட்டுடு" என்றார்கள். அந்த வருஷம்தான் இரண்டாவது கோப்பையை வாங்கினாள். இந்த வருஷம் மணிக்கட்டு பிசகிப் பாதி ஆட்டங்கள் போயின. அப்போதும் அதே பாட்டுத்தான். இன்றைக்குக் கடைசி ஆட்டம். முதல் பத்துப் பேருக்குள் வந்தால் அடுத்த வருஷமும் இடம் உண்டு. தவறினால் நேற்று முளைத்த பெண்களோடு தகுதிச் சுற்றில் மறுபடி அரிச்சுவடி.

அதற்காகவெல்லாம் அவள் நகம் கடிக்கவில்லை. காலையில் வாடகை அறையில் டம்ளரைப் படுக்கப் போட்டு, கம்பளத்தில் பந்தை உருட்டிக்கொண்டிருந்தாள். பல் தேய்த்துவிட்டு வந்த நாத்தனார், வெந்நீர் குடிக்க இருப்பதே அந்த ஒரு டம்ளர்தான் என்று முனகினாள். இன்னும் மூன்று பந்து உள்ளே போன பிறகுதான் டம்ளர் கிடைத்தது.

கடைசி நாளில் அண்ணி புள்ளிப் பலகையைப் பார்க்க மாட்டாள். பார்த்தால் கை யோசிக்க ஆரம்பித்துவிடும் என்பாள். பார்ப்பது நாத்தனார் வேலை. கேட்டால் ஒழிய வாய் திறக்கக் கூடாது.

கடைசிக் குழிக்கு வந்தார்கள். முதல் அடி நடுப்புல்லில் நச்சென்று விழுந்தது. எதிரே குளம். குளத்துக்கு அந்தப் பக்கம் மேடு, மேட்டின் மேல் கொடி. குளத்துக்கு இப்பால் பந்தைச் சின்னதாகத் தட்டி நிறுத்திவிட்டுப் போனால் ஐந்து அடியில் முடியும். குளத்தைத் தாண்டி அடித்தால் நான்கிலேயே முடியலாம். தண்ணீரில் விழுந்தால் ஆறோ ஏழோ, இடமும் அதோடு முழுகிவிடும்.

அண்ணியின் கை நீளமான மட்டையின் மேல் போனது. "என்ன சொல்ற?" என்றாள்.

நாத்தனார் பலகையைப் பார்த்திருந்தாள். ஐந்தே போதும். அவசரத்தில், "விடுங்க அண்ணி" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

அண்ணி விட்டாள் ஒன்று.

பந்து குளத்தைத் தாண்டி மேட்டில் மோதி, கீழே உருண்டு, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே புல்லில் தொங்கிக்கொண்டு நின்றது. கூட்டம் உச்சுக் கொட்டியது. குளத்தைச் சுற்றி நடக்கும்போது நாத்தனார் பேச்சை எடுத்தாள்.

"நான் விடுங்கன்னுதானே அண்ணி சொன்னேன்."

"அதான் விட்டேன்."

"வேணாம், விட்டுடுங்கன்னு சொன்னேன். அஞ்சே போதும், பலகையில பாத்தேன்."

அண்ணி ஒரு நிமிஷம் நின்றாள். "எத்தனை பேரு என்கிட்ட சொல்லிட்டாங்க அந்த வார்த்தைய. எனக்கு அது 'அடி'ங்கிற பக்கமாத்தான் கேக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பந்துக்குப் பக்கத்தில் கால் வைக்க இடமில்லை. ஒரு ஷூவைக் கழற்றி நாத்தனார் கையில் கொடுத்தாள். காலுறையோடு தண்ணீரில் இறங்கினாள்.

"இப்ப என்ன சொல்ற? முழுசாச் சொல்லு."

"மெதுவா மேட்டுல தூக்கிப் போடுங்க. மிச்ச தூரம் அதுவே உருண்டு போயிடும்."

தூக்கிப் போட்டாள். பந்து கொடியை நோக்கி உருண்டு, கம்பளத்தில் டம்ளருக்கு இருந்த தூரத்தில் நின்றது. ஒரு கால் ஈரக் காலுறையோடு, பந்தின் பின்னால் போய் நின்றாள். காலையில் போன மாதிரியே போனது. நான்கு. இடம் நின்றது.

உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அண்ணி ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தபோது மாமியாரின் போன் வந்தது. நாத்தனார்தான் எடுத்தாள். கேடி கொடுத்த தைரியத்தில்தான் அந்தம்மா குளத்தைத் தாண்டி அடித்தார் என்று டிவியில் சொன்னார்களாம், நிஜமா என்று மாமியார் கேட்டார்.

நாத்தனார் அண்ணியை ஓரக்கண்ணால் பார்த்தாள். "ஆமாம்மா. நான்தான் விடுங்கன்னேன்."

அண்ணி இன்னொரு தடவை காலுறையைப் பிழிந்தாள்.