மூன்றாம் கேமரா

பாசில் புரொஜெக்டரில் சுருளை மாட்டும்போது டெஸ்மண்டின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை கடகடவென்று ஆடியது. லண்டனில், ஒரு துணிக்கடையின் மாடியறை அது. பழைய படச்சுருள்களைத் தேடிச் சேர்ப்பதே பாசிலின் பிழைப்பு.

“கோப்பையக் கீழ வைங்கப்பா. ஸ்டூடியோவையே நடுங்க வச்ச ஆளு, சட்டையில கொட்டிக்கப் போறீங்க,” என்று சிரித்தாள் மகள் ரோவெனா. சிரித்தாளே தவிர, காலையிலிருந்து அவளும் ஒரு வாய் சாப்பிடவில்லை.

எப்படி இறங்கும்? இரண்டு வயதில் தாய் நோரீனை இழந்தவள். நோரீனின் புகைப்படங்கள் வீட்டில் உண்டு. அசைகிற நோரீனைப் பார்த்த நினைவு அவளுக்கு இல்லை. டெஸ்மண்ட் இயக்கிய தொலைக்காட்சி விண்வெளித் தொடரில், ஒரே ஒரு வாரம், ஆளில்லாத கோளில் தனித்துவிடப்பட்டுப் பூமிக்குக் கடைசிச் செய்தி சொல்லும் பெண்ணாக நோரீன் வந்தாள். நாடா விலை அதிகமென்று நிலையத்தார் அதை அழித்து, மேலேயே குதிரைப் பந்தயத்தைப் பதிந்துவிட்டார்கள். “உங்கம்மா முகம் மட்டும், முழுசா ஒரு நிமிஷம்” என்று சொல்லிச் சொல்லியே மகளை வளர்த்தார் டெஸ்மண்ட். வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்ற படச்சுருள் பிரதிகளில் ஒன்று, போன மாதம்தான் சைப்ரஸில் பாசிலுக்குக் கிடைத்தது.

விளக்கு அணைந்தது.

“பாறை ஆடுதுப்பா!”

“அட்டைப் பாறை. பின்னாடி ஒருத்தன் தும்மிட்டான்.”

தலைக்கவசத்தோடு நோரீன் வந்தாள். முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கவசத்தைக் கழற்றி, மெல்லத் திரும்பத் தொடங்கினாள்.

படம் தாவியது. திரையில் ஓர் இயந்திரம். அதன் மீது மினுக் மினுக்கென்று பல்புகள். நோரீனின் குரல் மட்டும் கேட்டது: “பூமியில யாராவது கேக்குறீங்களா? எனக்கு இங்க பயமில்ல…”

“அம்மா எங்கப்பா?”

டெஸ்மண்டுக்கு அப்போதுதான் உறைத்தது. நிறுத்தாமல் பதியும் காலம் அது. ஸ்டூடியோ மாடியில் உட்கார்ந்து அவர் கேமரா எண்ணைச் சொன்னால், பதிவாகும் படம் அந்தக் கேமராவுக்கு மாறும். அவருக்கு முன்னால் மூன்று கேமராவுக்கும் மூன்று சிறு திரைகள். முதல் திரையில் நோரீன் முகம் நிமிடம் முழுக்க இருந்தது. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பதிவாகி ஊருக்குப் போனது மூன்றாம் திரையில் இருந்த இயந்திரம்.

“நான்தாம்மா மாத்தினேன்.”

“ஏன்?”

“அழுதா. நிஜமாவே அழுதா. கதைக்கு ஆகாதுன்னு ‘மூணு’ன்னு சொல்லிட்டேன். அப்புறம் கேன்டீன்ல, ‘அழுமூஞ்சியெல்லாம் விண்வெளிக்குப் போகலாமா’ன்னு கேலி வேற பண்ணேன். ‘மிஷின் என்னைவிட நல்லா நடிச்சுதா’ன்னு சிரிச்சா. அன்னிக்குக் காலையிலதான் டாக்டர் அவகிட்ட நோயைப் பத்திச் சொல்லியிருக்கார். எனக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தெரியும்.”

சுருள் முடிந்து, அதன் வால் பட் பட்டென்று அடித்தது.

ரோவெனா திட்டுவாள் என்று டெஸ்மண்ட் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“அந்த இடத்த மட்டும் திரும்பப் போடுங்க, பாசில்,” என்றாள்.

மறுபடி பல்புகள் மினுங்கின. குரல் வந்தது. அருகே நின்று கேட்க நினைத்தாளோ என்னவோ, ரோவெனா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஒளிக்குக் குறுக்கே அவள் முகத்தின் பக்கவாட்டு நிழல் இயந்திரத்தை மறைத்து விழுந்தது. அந்த நிழலிலிருந்து நோரீன் பேசிக்கொண்டிருந்தாள்.