இங்கே முயல் கிடையாது

சைகோன் விமான நிலையத்தில் என்னைப் பூனை ஆக்கினார்கள். வரிசை நீளம், அதனால் மதியம் ஆகிவிட்டது.

அதிகாரி பிறந்த வருடம் கேட்டார். எண்பத்தேழு என்றேன். சீனர்களின் கணக்கில் வருடத்துக்கு ஒரு விலங்கு, எனக்கு முயல் என்றும் சேர்த்துச் சொன்னேன். சிங்கப்பூரில் சீனர்களுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்குத் பிறந்த வருடத்து விலங்கு என்பது ஜென்ம நட்சத்திரம் மாதிரி, கேட்காவிட்டாலும் சொல்வோம்.

"இங்க முயல் கிடையாது. அந்த இடத்துல பூனைதான்," என்றார். முத்திரை குத்தினார்.

என் மனைவி தேன்மொழி பிறந்தது எண்பத்து நான்கில். எலி. எலி இங்கேயும் எலிதான், அவளை ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார்கள். எங்கள் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்ததில் எட்டு இருந்தது. அவள் எனக்கு மூன்று வயது மூத்தவள் என்பது மட்டும்தான் சொந்தக்காரர்களின் கண்ணை உறுத்தியது. பத்து வருடம் முயலும் எலியுமாக ஓர் அடுக்குமாடி வீட்டில் நன்றாகவே இருந்தோம். வேலை முடிந்து வந்தால், கதவைத் திறப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து "சாப்டீங்களா?" என்பாள். குப்பை கொட்டிவிட்டு வந்தாலும் அதே கேள்விதான்.

என்னை இங்கே மாற்றல் செய்த கம்பெனி எங்களுக்கு ஒரு சந்துக்குள் மாடி அறை பார்த்து வைத்திருந்தது. வீட்டுக்கார அம்மாள் பெயர் ஹுவே. விதவை, தனி ஆள். அவர் வியட்நாமிய மொழியில்தான் பேசினார், எனக்குத் தமிழில் கேட்டது. அதுவும் மதுரைத் தமிழில். எனக்கு மதுரையில் யாரும் கிடையாது.

"பூனையும் எலியுமா? ரெண்டு பேரும் ஒரே ரூம்லயா?" என்றார் ஹுவே.

புருஷன் பெண்டாட்டி என்றேன்.

"அப்ப ஒரு ஆளு வாடகை போதும்ப்பா."

தேன்மொழி சிரிக்கவில்லை. அன்று முதல் அவள் சுவரை ஒட்டியே நடந்தாள். அறையின் நடுப்பகுதி காலியாகக் கிடந்தது, நானும் அதைப் பயன்படுத்தவில்லை. "சாப்டீங்களா" என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள். பதில் என்னவாக இருக்கும் என்று அவளுக்குப் பயம். எனக்கு அது வருத்தமாக இருந்தது.

தெத் வந்துகொண்டிருந்தது. நிலாக் கணக்கில் வரும் அவர்களுடைய புத்தாண்டு அது. சந்து முழுக்கத் தொட்டியில் குட்டி ஆரஞ்சு மரங்கள் முளைத்தன. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஒவ்வொரு வீட்டு அடுப்புத் தெய்வமும் கெண்டை மீன்மேல் ஏறி வானத்துக்குப் போகும். அந்த வீட்டில் வருடம் முழுக்க நடந்ததை அங்கே போய் ஒப்பிக்கும். ஹுவே அதற்காக நல்ல கெண்டை ஒன்றை வாங்கிப் பிளாஸ்டிக் தொட்டியில் விட்டிருந்தார்.

சாயங்காலம் தொட்டியில் தண்ணீர் மட்டும் இருந்தது. நான் சாப்பிட்டதாக நினைவில்லை. மீசையில் இரண்டு செதில் ஒட்டியிருந்தது.

அடுப்பங்கரையில் தெய்வம் பையோடு உட்கார்ந்திருந்தது. தொப்பியும் நீளச் சட்டையும் போட்டிருந்தது. காற்சட்டை கிடையாது, அவர்கள் வழக்கம் அப்படி.

"இன்னொரு மீன் வாங்கலாமே," என்றேன்.

"எனக்கு இன்னைக்கு மட்டுந்தான் லீவு," என்றது தெய்வம்.

ஆக, அந்த வீட்டில் என்ன நடந்தாலும் மேலே யாருக்கும் தெரியப்போவதில்லை. இதைத் தேன்மொழியும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவள் அலமாரி மேல் இருந்தாள்.

மறுநாள் அவள் கீழே இறங்கித் துணி மடித்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பு தரையில் இழுபட்டது. என் கை தானாகப் போய் அதை அழுத்திப் பிடித்தது. அவள் நடந்தாள், தலைப்பு வரவில்லை. கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"சும்மா விளையாட்டுக்கு," என்றேன்.

பூனைகள் முதலில் விளையாடும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். நான் கையை எடுக்கச் சற்று நேரமானது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

வருடத்தின் கடைசி நாள் மத்தியானம் அவள், "கொஞ்ச நேரம் வெளிய இருங்களேன்," என்றாள். பத்து வருடத்தில் அவள் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. முனைக் கடையில் வினிகர் வாங்கிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். சந்து நீண்டுகொண்டே போனது. கடை தெரிந்தது, வரவில்லை. ஓரிடத்தில் உட்கார்ந்து அழுதேன். யாரோ மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். கடையை அடைந்தபோது வருடம் முடிந்திருந்தது, கடையும் பூட்டியிருந்தது. திரும்பி வரச் சந்து பத்தடிதான் இருந்தது.

காலை வெயில் வாசலில் விழுந்திருந்தது. கதவு சாத்தியிருந்தது. ஹுவே ஜன்னல் வழியாகத் தடுத்தார். புத்தாண்டில் வீட்டுக்குள் முதலில் கால் வைப்பவர் யாரோ, அந்த வருடம் அவரைப் போலவே இருக்குமாம். நாய் வந்தால் செல்வம். பூனை வந்தால் வறுமை. அதற்காகவே டிராகன் வருடத்து ஆள் ஒருவருக்குச் சொல்லி வைத்திருந்தார். அவர் சந்துக்குள் திரும்ப முடியாமல் மெயின் ரோட்டிலேயே நிற்கிறாராம்.

"அவரு வரலைன்னா?" என்றேன்.

"அப்ப நீ அடுத்த தெத்துக்கு வாப்பா."

ஒரு வருடம். நான் படியில் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால் அவளுக்கு அதுதான் பாதுகாப்பு. நானே போய்விடலாம் என்று எழுந்தேன்.

அப்போது கதவுக்குப் பின்னால், தரையை ஒட்டி, அந்தக் குரல் கேட்டது.

"சாப்டீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"இன்னும் இல்ல," என்றேன்.

பிறகு தாழ்ப்பாள் விலகியது. வேண்டாம்மா வேண்டாம்மா என்று ஹுவே ஜன்னலில் தலையில் அடித்துக்கொண்டார். கதவு நான்கு விரல் அகலத்துக்குத் திறந்தது. என் அளவுக்கு அது போதும்.

"நானும் இன்னும் சாப்டல," என்றாள் தேன்மொழி. "வலது காலை எடுத்து வச்சு வாங்க."

எனக்கு வலது கால் இரண்டு இருந்தது. முன்னதை வைத்தேன்.