சனிக்கிழமைப் பிள்ளை

முதல் குடத்தை ஊற்றிவிட்டு, இறந்துபோன அங்கம்மாவின் உடம்போடு ஈரத்தில் ஒட்டிக்கொண்ட ரவிக்கையின் கொக்கிகளை வேலாயி ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் பின்புறம் சேலைகளை மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். பரமேஸ்வரி, வாங்குப் பலகையில் கிடந்த தன் தாயின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அங்கம்மாவின் உடம்பு இவ்வளவு லேசாகிப் போயிருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

வேலாயியின் கை நின்றது.

இடது மார்பின்மேல் ஒரு வெள்ளைக் கட்டு இருந்தது. பழந்துணி அல்ல. ஆஸ்பத்திரியில் போடுவதுபோல மடித்து வைத்து, நான்கு பக்கமும் பிளாஸ்டர் ஒட்டிய கட்டு. தண்ணீர் பட்டதும் நடுவில் பழுப்பு நிறம் பரவியது. வேலாயி ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாக அதைப் பழையபடியே அழுத்தி ஒட்டினாள்.

பரமேஸ்வரியும் பார்த்துவிட்டாள்.

"மூச்சு எளப்புன்னுதானே அம்மா சொல்லிச்சு," என்றாள். "யாரு இத கட்டிவிட்டது?"

"தண்ணி ஆறுது," என்றாள் வேலாயி. "ஊத்துவோம்."

அப்பா இறந்த பிறகு அந்த ஒற்றை அறைக் காம்பிராவில் தாயும் மகளும்தான். விடிவதற்குள் கலஹாவில் பஸ் ஏறிக் கண்டியில் புடவைக் கடைக்குப் போனால், பரமேஸ்வரி வீடு திரும்ப இருட்டிவிடும். ஞாயிறு மட்டும் லீவு. மலைத் தண்ணீர் விழும் பீலியில் தாய் மற்றப் பெண்களோடு குளிப்பதை விட்டு நாளாகியிருந்தது. கேட்டால் குளிருது என்பாள். தூங்கும்போதும் துவாயைப் போர்த்திக்கொள்வாள். மூச்சு வாங்கத் தொடங்கியபோது தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கிக் கொடுத்ததோடு பரமேஸ்வரி கடைக்குப் போய்விட்டாள். நேற்றும் அப்படித்தான் போனாள். மத்தியானம் ஃபோன் வந்தது. பஸ்ஸில் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

கோடிச் சேலை உடுத்தி, அங்கம்மாவை முன்பக்கம் கொண்டுவந்து பெட்டியில் கிடத்தினார்கள். தப்புச் சத்தம் மலைக்கு மலை மோதித் திரும்பியது. அந்த நேரத்தில் மேல் ரோட்டில் கெம்பஸ் வான் வந்து நின்றது.

ஒரு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வான் வருகிறது. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் இறங்கி, ஆளுக்குச் சில வீடுகள் என்று பிரிந்து போவார்கள். எங்கே தண்ணீர் பிடிக்கிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள், எந்த வருத்தத்துக்கு டாக்டரிடம் போகாமல் இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரிக்கு வராத நோயைத் தேடிப் போய்ப் படிக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் படிப்பிக்கிற மஹ்ரூப் சேரின் கொள்கை. தோட்டத்தில் அவர்களுக்குச் சனிக்கிழமைப் பிள்ளைகள் என்று பெயர். கடைக்குப் போகிற பரமேஸ்வரி அவர்களைப் பார்த்ததில்லை. "நமக்கு யாழ்ப்பாணத்துப் புள்ள ஒண்ணு வருது. கேள்வி கேட்டே ஆள வழிக்குக் கொண்டாந்துரும்," என்று தாய் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

மஹ்ரூப் சேர் தப்புச் சத்தம் கேட்டுப் பிள்ளைகளை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, ஒரு பெண்ணோடு மட்டும் இறங்கி வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பெண் தோளில் பையுடன் படியிலேயே நின்றுவிட்டாள். அங்கம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. மார்பைப் பார்த்தாள். கோடிச் சேலையின் அடியில் அந்தக் கட்டு இருக்கும் இடத்தைத்தான் பார்த்தாள்.

பரமேஸ்வரி எழுந்து போய் அவள் கையைப் பிடித்தாள். "கொஞ்சம் வாங்க."

பீலிக்கரையில் ஒருவரும் இல்லை. நிரம்பிய வாளியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"நீங்கதானா கட்டுனது?"

"ஓம்," என்றாள் அவள். பெயர் சிவாஜினி என்று சொன்னாள். "முதல்ல மார்பில ஒரு கட்டி மட்டும்தான் இருந்தது. ஆடிக்குப் பிறகு உடைஞ்சு போச்சு. அதுக்குப் பிறகு ஒவ்வொரு சனியும் கழுவிக் கட்டினனான். இடையில அவவே மாத்திக் கட்டப் பழக்கிவிட்டனான்."

"ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லலியா நீங்க?"

"கூட்டிக்கொண்டே போனனாங்கள். சேரும் வந்தவர். உடன வந்து படுக்க வேணும், ஒப்பரேஷன் செய்ய வேணும் எண்டு சொன்னவை. அம்மா ஏலாது எண்டிட்டா. தை முடியட்டும் எண்டா."

தையில் என்ன என்று பரமேஸ்வரி கேட்க வேண்டியிருக்கவில்லை. முப்பது தாண்டி, வந்த இடமெல்லாம் தட்டிப்போய், கடைசியாகத் தெல்தோட்டையில் பேசி முடித்த கலியாணம்.

"தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் எண்டு மாப்பிள்ளை வீட்டில நினைப்பினமாம்."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே. நான் அந்தக் கலியாணமே வேணாம்னு சொல்லியிருப்பேனே."

"அதுக்குத்தான் அவ பயந்தவ," என்றாள் சிவாஜினி.

"அதுக்காக? பாத்துக்கிட்டே இருந்தீங்களா?"

"ஒருத்தர் எங்களை நம்பிச் சொன்னதை, அவர் சம்மதம் இல்லாமல் வீட்டுக்காரருக்கும் சொல்லக்கூடாது எண்டுதான் எங்களுக்குப் பழக்கினது. மகளுக்குச் சொல்லட்டோ எண்டு நான் வாற நேரமெல்லாம் கேட்டனான். சேரும் வந்து கேட்டுப் பார்த்தவர். அவ தலையை ஆட்டிப்போட்டு எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தருவா." அவள் குரல் தாழ்ந்தது. "நான் சொல்லியிருக்க வேணுமோ எண்டு எனக்கு இப்பவும் தெரியேல்ல அக்கா."

அவளை அறைய வேண்டும்போல இருந்தது. ஒட்ட வெட்டிய நகங்களோடு அந்தக் கைகள் பையின் பட்டியை முறுக்கிக்கொண்டிருந்தன. தாயின் புண்ணைத் தொட்டவை இந்தக் கைகள்தான். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் படுத்திருந்தும் தான் தொடவில்லை. பரமேஸ்வரி குனிந்து, வழிகிற வாளியை நகர்த்தி வைத்தாள். அதைத் தவிர அவளால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை.

அவர்கள் திரும்பி வரும்போது தெல்தோட்டையிலிருந்து மாப்பிள்ளையின் தாய் வந்திருந்தாள். பெட்டியில் தலைவைத்து அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, கூடியிருந்த பெண்களைப் பார்த்தாள்.

"போன மாசங்கூட நல்லா பேசிக்கிட்டு இருந்த மனுசி. என்னா வருத்தம்?"

குளிப்பாட்டிய பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"மூச்சு எளப்பு," என்றாள் வேலாயி.

"எளப்புல இப்படியா சடார்னு போகும்?" அவள் கண் சிவாஜினியின் பையில் விழுந்தது. "நீங்க டாக்டருக்குப் படிக்கிற புள்ளையா? ஒங்களுக்குத் தெரியுமா, இது என்னா நோவுன்னு?"

சிவாஜினி கேட்டவளைப் பார்க்கவில்லை, பரமேஸ்வரியைப் பார்த்தாள். மஹ்ரூப் சேரும் பார்த்தார். இனி அதைச் சொல்லவோ மறைக்கவோ உரிமை உள்ளவள் தான்தான் என்று பரமேஸ்வரிக்குப் புரிந்தது. வாயைத் திறந்தாள். சொல்லிவிட்டால், தாய் பொறுத்த வேதனையெல்லாம் வீண். சொல்லாவிட்டால், அந்தப் பொய்யோடு ஒரு வீட்டுக்குள் வாழப் போக வேண்டும்.

"நாங்கள் படிக்கிற ஆக்கள்தானம்மா," என்றாள் சிவாஜினி. "எனக்குத் தெரியாது."

பெட்டியைத் தூக்கினார்கள். ரோட்டில் நின்ற பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஊர்வலத்துக்கு வழிவிட்டுத் தேயிலைச் செடிகளோடு ஒட்டி நின்றார்கள். பெண்கள் லயத்தின் எல்லையோடு நின்றுகொண்டார்கள். தப்புச் சத்தம் சரிவில் இறங்கி, வளைவு திரும்பியதும் மங்கியது.

வீட்டைக் கழுவிவிட வேண்டும். பரமேஸ்வரி விளக்குமாற்றை எடுத்தாள். மஹ்ரூப் சேர் பிள்ளைகளை வானுக்குக் கூப்பிடுவது கேட்டது. சிவாஜினி படியேறினாள். வேலாயி அவளை வழிமறித்தாள். நனைந்த சேலையை இன்னும் மாற்றாமல், முந்தானையை இழுத்து மார்போடு பிடித்திருந்தாள்.

"புள்ள, வேலை இல்லாட்டி நம்ம காம்பிராவுக்குக் கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

சிவாஜினி ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு பின்னால் போனாள். லயத்தின் கடைசிக் கதவுக்கு முன்னால் நின்று வேலாயி இரண்டு பக்கமும் பார்த்தாள். கதவு சாத்தப்பட்டது.

"வேலாயி எங்க போச்சு?" என்று பரமேஸ்வரியின் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் கேட்டாள். "தண்ணி மொண்டு ஊத்த ஆள் வேணும்."

பரமேஸ்வரி அந்தக் கதவின் பக்கம் திரும்பவில்லை.

"பீலிக்குப் போயிருக்கும்," என்று சொல்லிவிட்டு, வாசலில் சிதறிக் கிடந்த பூக்களைக் கூட்டத் தொடங்கினாள்.